நேரியல் இயற்கணிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். நேர்மாறு அணி, கிராமர் விதி, அணியின் தரம் என்று வரிசையாகப் போட்டுப் பழகித் தேர்வெழுதி மறந்தும் விடுகிறோம். பொறியியல் முதலாண்டில் அதே ஆசாமி ஐகென் மதிப்பு என்ற புதுப் பெயரோடு திரும்பி வருகிறார். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்ற கேள்வி மட்டும் பாக்கியாகவே நிற்கிறது. அதற்கும் அதையொட்டி எழும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இது உண்மையில் எதைப் பற்றிய பாடம்?

கூட்டுவது, ஓர் எண்ணால் பெருக்குவது என்ற இரண்டே செயல்களைப் பற்றியது. உள்ளே போவதை இரட்டிப்பாக்கினால் வெளியே வருவதும் இரட்டிப்பாக வேண்டும். இரண்டைச் சேர்த்து உள்ளே விட்டால், தனித்தனியாக விட்டுக் கிடைத்தவற்றின் கூட்டுத்தொகையே வெளியே வர வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டது எதுவானாலும் அது நேரியல். நிரை நிரலாக எண்களை அடுக்கிய அணி என்பது, அப்படிப்பட்ட ஒரு செயலைத் தாளில் எழுதிவைக்கும் முறை.

ஆனால் உலகத்தில் பெரும்பாலான விஷயங்கள் நேரியல் இல்லையே?

இல்லைதான். தொற்றுநோய்ப் பரவல், ஊசலின் ஆட்டம், வருமான வரி எதுவுமே நேரியல் இல்லை. இருந்தும் இந்தப் பாடத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம், நம்மால் உருப்படியாகத் தீர்க்க முடிந்தது இதைத்தான். ஒரே ஒரு மாறி கொண்ட ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குக்கூட, மூலக்குறிகளால் எழுதத்தக்க பொதுச் சூத்திரம் கிடையாது என்று நார்வேயின் ஏபெல் 1824-இலேயே நிறுவிவிட்டார். நேரியல் சமன்பாடுகளோ லட்சம் மாறிகளோடு வந்தாலும் வழி இருக்கிறது. ஆகவே விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் எந்தக் கணக்கைக் கண்டாலும் முதலில் அதை எப்படியாவது நேரியலாக வளைக்கப் பார்ப்பார்கள்.

உங்கள் போனில் உள்ள ஜி.பி.எஸ். அப்படித்தான் வேலை செய்கிறது. செயற்கைக்கோளிலிருந்து உள்ள தூரம் வர்க்கங்களும் வர்க்கமூலமும் கலந்த சூத்திரம். தெரியாதவை நான்கு: இருக்கும் இடத்துக்கு மூன்று எண்கள், போனின் கடிகாரப் பிழைக்கு ஒன்று. அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. கருவி ஓர் உத்தேச இடத்தில் தொடங்கி, அந்த இடத்தைச் சுற்றிய சிறு பகுதியில் வளைவை நேர்கோடாக எடுத்துக்கொள்கிறது. நான்கு நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்துக் கொஞ்சம் நகர்கிறது. அங்கிருந்து மறுபடியும் அதே வேலை. சில சுற்றுகளில் விடை நிலைத்துவிடும்.

அணிகளைப் பெருக்கும் விதி ஏன் இவ்வளவு கோணலாக இருக்கிறது? உறுப்புக்கு உறுப்பு பெருக்கினால் ஆகாதா?

ஆகாது என்று யாரும் தடுக்கவில்லை. அதனால் பயன்தான் குறைவு. ஓர் அணி ஒரு செயலைக் குறிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு செயலைச் செய்து முடித்து அதன்மேல் இன்னொன்றைச் செய்வதற்கு ஈடான ஒற்றை அணி எது என்ற கேள்வி வரும். பொறுமையாக விரித்து எழுதிப் பாருங்கள், நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டும் விதி தானாகவே வந்து நிற்கும். ஆர்தர் கெய்லி 1858-இல் அணி இயற்கணிதத்தை எழுதியபோது இப்படித்தான் அந்த விதிக்கு வந்தார். பள்ளியில் இந்தக் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லித்தருவது, என் கருத்தில், இந்தப் பாடத்துக்குச் செய்யும் முதல் அநியாயம்.

வரிசையை மாற்றிப் பெருக்கினால் விடை ஏன் மாறுகிறது?

ஒரு புத்தகத்தை அட்டை உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். முதலில் அட்டை உங்களைப் பார்த்தபடியே இருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் கால் சுற்று. பிறகு கதவைத் திறப்பதுபோல் அட்டை வலப்பக்கம் பார்க்கும்படி கால் சுற்று. முடிவில் அட்டை வலப்பக்கம் பார்க்கும். இப்போது தொடக்க நிலைக்குத் திரும்பி, அதே இரண்டு திருப்பங்களையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள். அட்டை தரையைப் பார்க்கும். சுழற்சிகள் அணிகள்தான் என்பதால், சுழற்சியின் வரிசை முக்கியமானால் பெருக்கலின் வரிசையும் முக்கியமாகத்தானே வேண்டும்.

இதில் ஒரு வரலாறும் உண்டு. 1925-இல் வெர்னர் ஹைசன்பர்க் அணுவின் கணக்கைப் போடும்போது, இரண்டு அளவுகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை மாறுவதைக் கண்டு சங்கடப்பட்டார். அவருக்கு அணிகள் தெரியாது. அவர் கட்டுரையைப் படித்த மாக்ஸ் போர்ன், தான் மாணவனாக இருந்தபோது படித்த அணிப் பெருக்கல்தான் இது என்று அடையாளம் கண்டுகொண்டார். குவாண்டம் இயக்கவியலின் முதல் முழு வடிவம் அதிலிருந்து பிறந்தது.

இதை யார் கண்டுபிடித்தது?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் தொகுக்கப்பட்ட ஒரு கணித நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இப்படி ஒரு கணக்கு வருகிறது: முதல்தரக் கதிர்க் கட்டு 3, நடுத்தரம் 2, மட்டம் 1 சேர்ந்தால் தானியம் 39 படி. முறையே 2, 3, 1 கட்டுகள் சேர்ந்தால் 34. 1, 2, 3 கட்டுகள் சேர்ந்தால் 26. ஒவ்வொரு தரத்திலும் கட்டுக்கு எவ்வளவு? (அவர்களுடைய அளவைக்கு வேறு பெயர், வசதிக்காகப் படி என்கிறேன்.) விடை 9¼, 4¼, 2¾. அவர்கள் இதைச் சிறு குச்சிகளைப் பலகையில் நிரல் நிரலாக அடுக்கி, ஒரு நிரலின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழித்துக் கழித்துத் தீர்த்தார்கள். கழிக்கும்போது குறை எண் வந்தால் அதற்கு வேறு நிறக் குச்சி: நேர்ம எண்ணுக்குச் சிவப்பு, குறை எண்ணுக்குக் கறுப்பு என்று கி.பி. 263-இல் உரை எழுதிய லியூ ஹுய் விளக்குகிறார். இன்று நாம் இந்த முறையைக் காஸியன் நீக்கல் முறை என்கிறோம். காஸ் பிறந்ததோ 1777-இல். அவர் 1810-இல் பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணக்கிடும்போது இதை ஒழுங்காக எழுதிவைத்தார். பெயர் அவரிடம் ஒட்டிக்கொண்டது.

சதுர அணி ஒன்றிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்ணான அணிக்கோவை ஜப்பானின் செக்கி தகாகாசுவுக்கு 1683-இலும், ஜெர்மனியின் லைப்னிட்ஸுக்கு 1693-இலும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலேயே தோன்றியது. சமன்பாடுகளின் விடையை அணிக்கோவைகளால் எழுதும் கிராமர் விதி 1750. அணிக்கு அதன் ஆங்கிலப் பெயரை வைத்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர், 1850-இல். அதாவது, அணிக்கோவை வந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் அணிக்குப் பெயரே வந்தது. நம் புத்தகங்கள் சொல்லும் வரிசைக்கு நேர்மாறு. சில்வெஸ்டரும் கெய்லியும் லண்டனில் சட்டத்தொழிலோடு தொடர்புள்ள வேலைகளைப் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கணிதம் பேசியவர்கள். கெய்லி - ஹாமில்டன் தேற்றத்தை (சதுர அணியிலிருந்தே கிடைக்கும் ஒரு சமன்பாட்டை அந்த அணியே நிறைவு செய்யும் என்பது) கெய்லி 2×2, 3×3 அணிகளுக்குச் சரிபார்த்துவிட்டு, பொதுவான நிரூபணத்துக்கு மெனக்கெட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். முழு நிரூபணம் 1878-இல் ஃபுரோபீனியஸ் கொடுத்தது. தேர்வில் நாம் கெய்லியைப்போல் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர் ஹெர்மன் கிராஸ்மன். ஸ்டெட்டின் நகரப் பள்ளி ஆசிரியர். கூட்டவும் ஓர் எண்ணால் பெருக்கவும் தக்கவற்றை (வெக்டர்களை) ஒரே வெளியாகப் பார்க்கும், எத்தனை பரிமாணமானாலும் செல்லும் வெக்டர் வெளிக் கருத்தை 1844-இலேயே புத்தகமாக எழுதினார். வாங்க ஆளில்லை, விற்காத பிரதிகளைப் பதிப்பாளர் கூழாக்கினார். மனம் விட்டுப்போன கிராஸ்மன் சமஸ்கிருதத்தின் பக்கம் திரும்பி, ரிக்வேதத்துக்கு 1873 முதல் 1875 வரை ஓர் அகராதியை வெளியிட்டார். அதற்கு உடனே மதிப்புக் கிடைத்தது, கௌரவ டாக்டர் பட்டமும் வந்தது. கணிதத்தில் அவர் செய்தது எவ்வளவு பெரியது என்று உலகம் உணர்ந்தது அவர் காலத்துக்குப் பிறகு.

கிராமர் விதியை நிஜ வாழ்க்கையில் யார் பயன்படுத்துகிறார்கள்?

பெரிய கணக்குகளுக்கு யாரும் இல்லை. 25×25 அணிக்கோவையைப் பள்ளியில் சொல்லித்தந்தபடி இணைக்காரணிகளாக விரித்தால் 25 தொடர்பெருக்கம் அளவுக்கு, அதாவது 26 இலக்க எண்ணிக்கையில், பெருக்கல்கள் வரும். நொடிக்கு ஒரு லட்சம் கோடி பெருக்கல் செய்யும் கணினிக்கும் ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். அதே அணிக்கோவையைச் சீனக் குச்சி முறையில் கணக்கிட்டால் பெருக்கல்கள் ஐயாயிரத்துச் சொச்சம், கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. அணிக்கோவைக்குக் கோட்பாட்டில் பெருமை உண்டு: பரப்பும் கனஅளவும் எத்தனை மடங்காகின்றன என்று சொல்வது அது. ஆனால் கணக்கை ஓட்டுவது நீக்கல் முறைதான்.

உலகின் வேகமான கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993-இலிருந்து வருகிறது. அதற்கான தேர்வு எது தெரியுமா? மிகப் பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றை நீக்கல் முறையில் தீர்க்க வேண்டும். 2022-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃபிரான்டியர் அதே தேர்வில்தான் நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கீடுகளைத் தாண்டியது.

அணிக்கோவையை மதித்து அதற்கு ஒரு குறுக்குவழி கண்டவர் சார்லஸ் டாட்ஜ்சன், 1866-இல். ஆலிஸ் கதைகளை லூயிஸ் கரோல் என்ற பெயரில் எழுதிய அதே மனிதர். ஆலிஸைப் படித்து மகிழ்ந்த விக்டோரியா மகாராணி அவருடைய அடுத்த புத்தகம் வேண்டும் என்று கேட்க, அணிக்கோவை பற்றிய நூல் போய்ச்சேர்ந்தது என்றொரு கதை உலவுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. டாட்ஜ்சன் அதை வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார்.

கணினி கொடுத்த விடையை அப்படியே நம்பலாமா?

க + ச = 2, க + 1.0001ச = 2 என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடை க = 2, ச = 0. இரண்டாம் சமன்பாட்டின் வலப்பக்கத்தை 2.0001 என்று மாற்றுங்கள். விடை க = 1, ச = 1. பத்தாயிரத்தில் ஒரு பங்கு அசைந்ததற்கு விடை முழுதாகவே இடம்பெயர்ந்துவிட்டது. இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால், வெட்டும் புள்ளி எங்கே என்பது மிக நுட்பமான அளவுகளைச் சார்ந்திருக்கிறது. அளவுக் கருவியில் அவ்வளவு துல்லியம் இல்லை என்றால் விடைக்கு அர்த்தமே இல்லை.

முதல் கணினிகள் வந்த நாட்களில் இந்தப் பயம் பெரிதாக இருந்தது; ஒவ்வொரு படியிலும் தசமத்தை வெட்டினால் பிழை பெருகி விடை குப்பையாகிவிடும் என்று நினைத்தார்கள். நீக்கல் முறை அவ்வளவு மோசமில்லை என்று 1948-இல் ஆராய்ந்து காட்டியவர்களில் ஆலன் டூரிங்கும் ஒருவர். ஆக, பெரும்பாலும் பழி கணினிமேல் இல்லை. கணக்கே கெட்டதா என்று பார்க்க வேண்டும்.

சமன்பாடுகள் மாறிகளைவிட அதிகமாக இருந்தால் "தீர்வு இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடலாமா?

தேர்வில் போகலாம். ஆஸ்பத்திரியில் முடியாது.

சி.டி. ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். தலையின் ஒரு குறுக்குவெட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டமும் எக்ஸ் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே மாறி. தலைக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஒரு பக்கம் கதிரை விட்டு மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று மட்டும் அளக்கலாம். ஒவ்வொரு கட்டமும் கதிரை ஒரு விகிதத்தில் குறைப்பதால் இது பெருக்கல் கணக்கு, நேரியல் இல்லை. மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிறது. இப்போது கதிர் போன பாதையிலுள்ள கட்டங்களின் கூட்டுத்தொகை = அளந்த எண். ஒரு கதிருக்கு ஒரு சமன்பாடு.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இசைத்தட்டுகளுக்குப் பெயர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளர். அவர் ஆய்வுக்கூடத்தில் செய்த முதல் சோதனையில் ஒரு பொருளைக் கதிரால் வருடி முடிக்கவே 9 நாள் ஆனது. கிடைத்த ஏறத்தாழ 28,000 அளவுகளைக் கணினி படமாக்க இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. படம் 80×80 கட்டம், அதாவது 6,400 மாறிகள். 180 கோணங்களில் கோணத்துக்கு 160 அளவுகளாக 28,800 சமன்பாடுகள். அளவில் சிறு பிழைகள் இருக்கும் என்பதால் 28,800-ஐயும் அச்சொட்டாக நிறைவேற்றும் விடை இருக்கவே இருக்காது. எல்லாவற்றுக்கும் முடிந்தவரை நெருங்கிய விடையைத் தேடுவதுதான் வழி.

அந்தத் தேடல் மிக எளிமையானது. ஏதோ ஒரு படத்தை உத்தேசமாக வைத்துக்கொள். முதல் கதிரின் பாதையிலுள்ள கட்டங்களைக் கூட்டு. அளந்த எண்ணைவிடக் குறைந்தால், குறைந்ததை அந்தக் கட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடு, கூடினால் கழி. அடுத்த கதிருக்குப் போ. எல்லாம் முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி. சமன்பாடு ஒவ்வொன்றையும் ஒரு தளமாகப் பார்த்தால், இப்போது நிற்கும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் செங்குத்துக் கோடு போட்டுப் போட்டு நகர்வதுதான் இது. போலந்துக் கணிதர் ஸ்டெஃபான் காச்மார்ஸ் 1937-இல் இந்த முறையை வெளியிட்டபோது ஸ்கேன் எந்திரம் யாருடைய கனவிலும் இல்லை. மற்றவர்கள் 1970 வாக்கில் இதைத் தாங்களாகவே திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த எந்திரங்கள் வேகம் கருதி வேறு முறைக்கு மாறின. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணித அடிப்படையைத் தனியே ஆராய்ந்த ஆலன் கார்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐகென் மதிப்பு என்றால் புரியும்படி என்ன?

ஓர் அணி பெரும்பாலான வெக்டர்களின் திசையைத் திருப்பிவிடும். திசை திரும்பாமல் நீளம் மட்டும் மாறும் சில வெக்டர்கள் இருக்கலாம். அவை ஐகென் வெக்டர்கள், நீளம் எத்தனை மடங்காகிறதோ அது ஐகென் மதிப்பு. சிக்கலான ஒரு செயலுக்குள் ஒளிந்திருக்கும் எளிய திசைகள் அவை.

ஒரு வேடிக்கை. கால்பந்து ஆட்டத்தில் முதல் பாதி தொடங்கும்போதும் இரண்டாம் பாதி தொடங்கும்போதும் பந்து மைதானத்தின் நடுப்புள்ளியில் இருக்கும். இடையில் 45 நிமிடம் எத்தனை உதை வாங்கியிருந்தாலும் சரி, பந்து அதேதான் என்றால், அதன் மேற்பரப்பில் குறைந்தது இரண்டு புள்ளிகள் இரண்டு நேரத்திலும் அதே இடத்தில் இருக்கும். எத்தனை சுழற்சிகள் சேர்ந்தாலும் மொத்தத்தில் ஒரே சுழற்சிதான். முப்பரிமாணத்தில் எந்தச் சுழற்சிக்கும் 1 என்ற ஐகென் மதிப்பு உண்டு, அதாவது அசையாத அச்சு உண்டு. ஆய்லர் 1775-இல் கண்டது. தட்டையான தாளைச் சுழற்றினால் இப்படி ஒரு திசை கிடைக்காது. மூன்று ஒற்றைப்படை எண் என்பதே காரணம்.

பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் இயல்பான அதிர்வு வேகங்கள் ஐகென் மதிப்புகளிலிருந்தே வருகின்றன. லண்டன் மில்லினியம் நடைபாலம் 2000 ஜூன் 10-இல் திறந்து, பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இரண்டே நாளில் மூடப்பட்டது. பாலத்தின் பக்கவாட்டு அதிர்வு மனித நடையின் தாளத்துக்கு அருகில் அமைந்துவிட்டது. ஆடுகிற பாலத்தில் விழாமல் நடக்க மக்கள் அதே தாளத்தில் காலை அகட்டி வைக்க, ஆட்டம் இன்னும் கூடியது. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

கூகுள் ஐகென் வெக்டரால் வளர்ந்தது என்கிறார்களே?

தொடக்கத்தில் அது உண்மை. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்ட யோசனை இது: முக்கியமான பக்கங்கள் இணைப்புக் கொடுக்கும் பக்கமே முக்கியமான பக்கம். கேட்டால் சுற்றிச் சுற்றி வருகிற வாதம்போல் இருக்கும். எழுதிப் பார்த்தால் ஐகென் மதிப்பு 1 கொண்ட ஐகென் வெக்டரைக் கேட்கும் கேள்வி அது. அப்படி ஒரு விடை உண்டு, அது ஒன்றே ஒன்றுதான், எல்லா எண்களும் நேர்ம எண்கள் என்பதற்கு 1907-இல் பெரோனும் 1912-இல் ஃபுரோபீனியஸும் உறுதி கொடுத்துவிட்டார்கள். இணைப்புகளைப் பின்தொடர்பவர் 85% நேரம் இணைப்பைச் சொடுக்குவார், 15% நேரம் எங்காவது தாவிவிடுவார் என்று ஒரு திருத்தம் சேர்த்ததும், தேற்றத்தின் நிபந்தனைகளுக்குள் வலை அடங்கிவிடுகிறது.

இன்னும் பழைய சங்கதி ஒன்று: சதுரங்கப் போட்டியில் பலசாலியை வென்றவருக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று இதே வகைக் கணக்கை 1895-இல் எட்மண்ட் லாண்டாவ் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

நமக்குப் பிடித்த படம் எதுவென்று நெட்ஃபிளிக்ஸுக்கு எப்படித் தெரிகிறது?

2006-இல் நெட்ஃபிளிக்ஸ் தன் கணிப்பை 10% மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. போட்டியாளர்களுக்குக் கொடுத்த தரவு 4,80,189 பயனர்கள், 17,770 படங்கள். அணியாக எழுதினால் சுமார் 853 கோடி கட்டங்கள். அவற்றில் நிரம்பியவை 10 கோடி, அதாவது ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. மீதியை ஊகிக்க வேண்டும்.

மனிதர்களின் ரசனை அவ்வளவு தனித்தனி இல்லை என்பதுதான் பிடி. ஒருவருக்குச் சில பத்து எண்கள், ஒரு படத்துக்கு அதே அளவு எண்கள். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் மதிப்பீடு. பிரம்மாண்டமான அணியை இரண்டு ஒல்லியான அணிகளின் பெருக்கமாக எழுதுவது இது. 2009-இல் வென்ற குழுவின் கணிப்பில் இந்த முறை முக்கியப் பங்கு வகித்தது. அவர்களுக்கு ஈடான முடிவை எட்டிய இன்னொரு குழு இருபது நிமிடம் தாமதமாக அனுப்பிப் பரிசை இழந்தது. வென்ற முறை முழுவதையும் நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்தவுமில்லை. மேம்பாட்டைவிடச் சிக்கல் அதிகம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவிலும் இது உண்டா?

உண்டு. ஜேபெக் முறை படத்தை 8×8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் 64 எண்களையும் வேறோர் அடிப்படையில் எழுதுகிறது. புதிய அடிப்படையில் பெரும்பாலான எண்கள் சிறியவை. அவற்றைக் கைவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த உருமாற்றத்தை 1974-இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர்.

டீக்கடை கியூ.ஆர். ஸ்டிக்கர் பாதி கிழிந்தாலும் பணம் போகிறதே?

பாதி கிழிந்தால் போகாது, ஆனால் கியூ.ஆர். தரத்தின் உச்ச நிலையில் சுமார் 30% சேதம்வரை மீட்க முடியும். 1960-இல் ரீடும் சாலமனும் உருவாக்கிய குறியீட்டு முறை அதற்குள் இருக்கிறது. செய்தியோடு சில உபரி எண்களையும் சேர்த்து அச்சிட்டு, எல்லாமே குறிப்பிட்ட நேரியல் சமன்பாடுகளை நிறைவு செய்யும்படி வைக்கிறார்கள். சில எண்கள் அழிந்தால் சமன்பாட்டைத் தீர்த்து மீட்கலாம். இங்கே எண்கள் நம் வழக்கமான எண்கள் இல்லை: மொத்தமே 256 எண்கள் கொண்ட உலகம், அதில் 1 + 1 = 0. நீக்கல் முறைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, அங்கேயும் அப்படியே ஓடும்.

1 + 1 = 0 என்ற உலகத்தால் வேறு பயன்?

1995-இல் வந்த லைட்ஸ் அவுட் என்ற பொம்மையில் 5×5 விளக்குகள். ஒன்றை அழுத்தினால் அதுவும் அதன் மேல், கீழ், இட, வல அண்டை விளக்குகளும் நிலை மாறும். எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். இருமுறை அழுத்துவது அழுத்தாததற்குச் சமம், எந்த வரிசையில் அழுத்தினாலும் ஒன்றே. ஆகவே 25 மாறிகள், 25 சமன்பாடுகள். அணியின் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத சமன்பாடுகளின் எண்ணிக்கை, 23 என்று வருகிறது. அதனால் சாத்தியமான தொடக்க நிலைகளில் நான்கில் ஒன்றுதான் தீர்க்கத்தக்கது. தீர்வு உள்ளதற்கு நான்கு தீர்வுகள். கண்மூடித்தனமாக விளக்குகளை எரியவிட்டு ஒருவரிடம் கொடுத்தால், அவர் தோற்பதற்கு முக்கால் பங்கு வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்று. 32 பேர் உள்ள ஊரில் சங்கங்கள் தொடங்குகிறார்கள். எந்த இரண்டு சங்கங்களுக்கும் பொதுவான உறுப்பினர் எண்ணிக்கை இரட்டைப்படை. ஒவ்வொரு சங்கத்திலும் உறுப்பினர் எண்ணிக்கையும் இரட்டைப்படை என்றால், 16 தம்பதிகளாகப் பிரித்து, தம்பதி தம்பதியாகவே சேர்த்து 65,535 சங்கங்கள் வரை தொடங்கலாம். விதியை ஒரு சொட்டு மாற்றி, உறுப்பினர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்றால்? 32-க்கு மேல் முடியவே முடியாது. ஒவ்வொரு சங்கத்தையும் 0, 1 கொண்ட 32 நீள வெக்டராக எழுதினால் அவை ஒன்றையொன்று சாராத வெக்டர்கள். 32 பரிமாண வெளியில் 32-க்கு மேல் அப்படி இருக்க இடமில்லை. எண்ணி எண்ணிப் பார்த்து இதை நிறுவ முயன்றால் தலை சுற்றும். வெக்டர் என்று சொன்ன மறுகணம் முடிந்துவிடுகிறது.

மாயச் சதுரங்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிரை, நிரல், மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் ஒரே தொகை வருவது மாயச் சதுரம். இரண்டு மாயச் சதுரங்களைக் கட்டத்துக்குக் கட்டம் கூட்டினால் வருவதும் மாயச் சதுரம் (எண்கள் திரும்ப வரக்கூடாது என்ற நிபந்தனையை விட்டுவிட்டால்). ஆகவே அவை ஒரு வெக்டர் வெளி. 3×3 சதுரங்களின் வெளிக்குப் பரிமாணம் 3, 4×4-க்கு 8. இராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் மாயச் சதுரங்களைப் பற்றியது.

செயற்கை நுண்ணறிவு வெறும் அணிப் பெருக்கல்தான் என்கிறார்களே?

வேலை நேரத்தில் பெரும்பகுதி அதுதான். 2020-இல் வந்த ஜிபிடி-3 மாதிரியில் 17,500 கோடி எண்கள், பெரும்பாலும் அணிகளாக அடுக்கப்பட்டவை. உள்ளே போகும் ஒவ்வொரு சொல்துண்டும் 12,288 எண்கள் கொண்ட வெக்டர். அதனால்தான் விளையாட்டுப் படங்களைச் சுழற்ற அணிப் பெருக்கலுக்காக வடிவமைத்த சில்லுகளுக்கு இவ்வளவு கிராக்கி. செயற்கை நுண்ணறிவுக்கென்றே கூகுள் செய்த டிபியு சில்லின் முதல் தலைமுறையின் நடுவில் இருந்தது 256×256 வரிசையில் அடுக்கிய 65,536 பெருக்கிகள்.

ஆனால் "வெறும்" என்பது தப்பு. அணியை அணியால் பெருக்கினால் கிடைப்பது இன்னோர் அணிதான். நூறு அடுக்கு வைத்தாலும் மொத்தமும் ஒரே அடுக்காகச் சுருங்கிவிடும், அடுக்கியதால் ஆன பயன் பூச்சியம். ஆகவே அடுக்குகளுக்கு இடையே நேரியல் அல்லாத ஒரு சிறு செயல் வேண்டும். எதிர்ம எண்ணைப் பூச்சியமாக்கு, மற்றதை அப்படியே விடு என்ற அளவுக்கு எளிமையானதும் போதும். அந்தச் சின்ன மடிப்புதான் அடுக்குகளுக்கு அர்த்தம் தருகிறது.

இத்தனை பழைய பாடத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் உண்டா?

அணிப் பெருக்கலே இன்னும் முடியவில்லை. 2×2 அணிகளைப் பெருக்க 8 எண் பெருக்கல்கள் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1969-இல் ஃபோல்கர் ஸ்ட்ராஸன் 7 போதும் என்று காட்டினார். அதையே இருமுறை பயன்படுத்தினால் 4×4-க்கு 49. கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஎவால்வ் 2025-இல் கலப்பெண் அணிகளுக்கு 48 பெருக்கலில் ஒரு வழியைக் கண்டது. மிக மிகப் பெரிய அணிகளுக்கு எவ்வளவு வேகம்தான் எல்லை என்பது இன்றும் திறந்த கேள்வி.

2019-இல் நியூட்ரினோ ஆராய்ச்சி செய்த மூன்று இயற்பியலாளர்கள், ஐகென் மதிப்புகளிலிருந்தே ஐகென் வெக்டர்களின் உறுப்புகளின் அளவைக் கணக்கிடும் ஓர் எளிய சமன்பாட்டைக் கவனித்துக் கணிதர் டெரன்ஸ் டாவோவுக்கு எழுதினார்கள். சில மணி நேரத்தில் நிரூபணங்களோடு பதில் வந்தது. பெரிய செய்தியும் ஆனது. அப்புறம் பார்த்தால், அதே சமன்பாடு வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு வேடத்தில் ஏற்கெனவே பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. கிடைத்தவற்றில் மிகப் பழையது 1834-இல் யாக்கோபி எழுதியது.

நானாகப் படிக்க எங்கே தொடங்கலாம்?

மேலே உள்ள சீனத் தானியக் கணக்கைத் தாளில் நீக்கல் முறையில் போட்டுப் பாருங்கள். பிறகு எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகளின் பதிவுகள் இணையத்தில் இலவசம். நம் ஊர் ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். தளத்திலும் வகுப்புகள் இருக்கின்றன. கூடவே பைதான் தெரிந்தால் பெரிய அணிகளோடு விளையாடலாம். ஸ்ட்ராங்கின் வரிசை நீக்கல் முறையில் தொடங்கி, வெக்டர் வெளிகள், மீச்சிறு வர்க்கம் (முடிந்தவரை நெருங்கிய விடை காணும் முறை) எல்லாம் பார்த்துவிட்டு, அணிக்கோவைக்கு வருவது 18-ஆம் வகுப்பில்தான்.